கன்னைட்டிங் அடித்த சுவர்: உங்களுக்கு நேர்ந்தது என்ன?

செம்மண்விளை:
குலசேகரம் பக்கம் எங்கள் வீடு. 2021 நவம்பர் மழையில் வீட்டுக்குப் பின்னால் மேட்டை வெட்டி நிறுத்திய மண் வெட்டு சரிந்ததால் கன்னைட்டிங் அடித்தோம், அதாவது சிமெண்டுக் கலவையை மிஷின் காற்றழுத்தத்தில் பீய்ச்சி அடிக்கும் பூச்சு. வேலை இரண்டே நாள். என் மனதை அறுப்பது ஒன்றுதான். அடிக்க அடிக்கத் தெறித்து விழுந்த மணலையும் ஜல்லியையும் சாயங்காலம் ஒரு பையன் மம்பட்டியால் அள்ளி மறுபடி மிஷினில் போட்டான். பார்த்துக்கொண்டே நின்றேன், ஒரு வார்த்தை கேட்கவில்லை. போன மாசம் மாமா வந்து சுத்தியலால் தட்டினார். மேலே டங் டங். இடுப்பு உயரத்தில் பொத் பொத். அங்கே சுரண்டினால் விரலிலேயே உதிர்கிறது.

சைட்_மார்த்தாண்டம்:
அண்ணே, சிதறலில் சிமெண்டு குறைவு, அதைத் திரும்பப் போடவே கூடாது. ஆனால் பொத்தென்ற சத்தத்துக்கு அது மட்டும் காரணம் என்று நான் ஒப்ப மாட்டேன். 1907-இல் சிகாகோ மியூசியத்தில் மிருகங்களைப் பாடம் செய்த கார்ல் ஏக்லி தொடங்கிவைத்த வேலை இது. உலர் கலவை என்றால், அதாவது சிமெண்டும் மணலும் நனையாமல் குழாயில் வந்தால், இன்றும் தண்ணீர் குழாய் முனையிலுள்ள நாசிலில்தான் சேரும், எல்லாம் பிடிப்பவர் கையில். நான் பார்த்த ஒரு பெரியவர் வால்வை இரண்டு விரலால் திருகிக்கொண்டே சுவரின் மினுமினுப்பை மட்டும் பார்ப்பார். தூசி பறந்தால் தண்ணீர் போதாது, வழிந்தால் அதிகம். சுவருக்கு நேராக, ஒரு மீட்டர் தள்ளிப் பிடிப்பார். சாய்த்துப் பிடித்தால் பூச்சுக்குள் கட்டிய கம்பிக்குப் பின்னால் வெறும் மணல் தங்கிவிடும். உங்கள் சுவரில் அதுதான் நடந்திருக்கும்.

கருங்கல்_அக்கா:
நீங்கள் இரண்டு பேரும் சுவருக்குப் பின்னால் இறங்கும் மழைத் தண்ணீரை மறந்துவிட்டீர்கள். எங்களுக்கு ராத்திரி மூன்று மணிக்கு ஒரே சத்தம், தேங்காய்க் குலை விழுந்த மாதிரி. காலையில் போய்ப் பார்த்தால் பூச்சு பலகை போல முழுசாகச் சாய்ந்து கிடந்தது, பின்னால் சேறு. தண்ணீர் வெளியே வர ஒரு குழாய்கூட வைக்கவில்லை. நம்ம ஊரில் ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. சுவருக்குப் பின்னால் தேங்கும் தண்ணீர் எங்கே போகும்? தம்பி, முதலில் வெட்டுக்கு மேலே ஓடை வெட்டி மழைநீரைத் திருப்பு. பழைய பூச்சில் துளை போட்டுக் குழாய் வை, உள் முனையில் வலை கட்டு, இல்லாவிட்டால் மண் அடைக்கும். பொத்தென்ற இடத்தைத் தேய்த்துப் பூசாதே, நல்ல பகுதி வரை கொத்தி எடு. கம்பி துருவேறியிருந்தால் மாற்று. திரும்ப அடித்தபின் ஏழு நாளாவது நனைந்த சாக்கு போட்டு வை, மெல்லிய பூச்சு காற்றிலேயே காய்ந்து வெடித்துவிடும்.

செம்மண்விளை:
அக்கா, குழாய் ஒன்றுமே இல்லை, இப்போதுதான் போய்ப் பார்த்தேன். ஓடை வெட்ட நாளைக்கு ஆள் சொல்லிவிட்டேன். பொத்தென்ற இடத்தைச் சுற்றிக் கரியால் கோடு போட்டு வைத்திருக்கிறேன், இந்த மழைக்குள் பெரிதாகிறதா பார்க்க வேண்டும்.