திருத்துன பேப்பரை ஆர்டிஐல (தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல) வாங்குனவங்க யாராச்சும் இருக்கீங்களா?

மக்களே ஒரு ஹெல்ப், மேத்ஸ்ல அரியர் போட்டுட்டாங்க, லாப்லாஸ் கணக்கு மட்டும் மூணு பக்கம் எழுதிருக்கேன், ரீவேல்யுவேஷனுக்கு பணம் கட்டுனா "நோ சேஞ்ச்"னு ஒத்த வரி வருது, பேப்பரை கண்ணுல காட்டவே மாட்டேங்கறாங்க. நான் மட்டும் யுனிவர்சிட்டி விசியா (துணைவேந்தரா) இருந்தா ஹாஸ்டல் சாம்பார் வைஃபை எல்லாம் அப்புறம், மொத கையெழுத்தே திருத்துன பேப்பரை ஸ்கேன் பண்ணி அவங்கவங்க லாகின்ல போடுங்கனு தான்.

சரி கனவு இருக்கட்டும். திருத்துன விடைத்தாளை ஆர்டிஐல கேக்கலாம்னு சுப்ரீம் கோர்ட்டே 2011ல சொல்லிருக்கு, 10 ரூபா ஃபீஸ், 30 நாள்ல பதில் தரணும். யாராச்சும் அப்படி வாங்கிருக்கீங்களா? மனுல என்ன எழுதுனீங்க? அதுக்குள்ள என் பேப்பர் எடைக்கு போயிடுமோனு தான் பயமே. மாடல் இருந்தா போடுங்க ப்ளீஸ்