‘மேட்’ என்கிற தாளுக்குத் தமிழ் என்ன? (கலைச்சொல் விவாதம்)

கொழும்பிலிருந்து:

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வணக்கம். கையால் வாழ்த்துக் காட் (வாழ்த்து அட்டை) செய்கிறவர்களின் வாயில் நாளுக்குப் பத்துத் தரம் வருகிற ‘மேட்’ என்ற சொல்லுக்குத் தமிழ் வேண்டும் என்று இரண்டு கிழமைக்கு முன் இந்த இழையில் கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. வந்த சொற்களை ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பெரியப்பாவின் 70ஆவது பிறந்தநாளுக்கு ஒரு காட் செய்து பார்த்தேன். வெட்டும்போதும் ஒட்டும்போதும் எந்தச் சொல் கைக்கு ஒத்துழைக்கிறது என்று பார்ப்பதுதான் நோக்கம்.

புதிதாக வாசிக்கிறவர்களுக்காகப் பொருளை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். காட்டின் நடுவில் படம் பதித்த தாள் ஒன்று இருக்கும். அதைவிடச் சற்றுப் பெரிய, வேறு நிறத் தாள் ஒன்றை அதன் அடியில் ஒட்டுவோம். நாலு பக்கமும் ஒரே அகலத்தில் அந்த நிறம் வெளியே தெரியும். பிறகு இரண்டையும் சேர்த்து மடித்த காட்டின் மேல் ஒட்டுவோம். இடையில் இருக்கிற அந்தத் தாள்தான் மேட். முழுத் தாளை வைத்தாலும் கண்ணில் படுவது நாலு மெல்லிய கீற்று மட்டும்.

ஆண்களுக்கென்று செய்கிற காட்டில் இந்தத் தாளுக்கு வேலை அதிகம். பூ, ரிபன், மினுக்குத் தூள் எல்லாம் அங்கே வேண்டாம் என்று விட்டுவிடுகிறோம். மண்ணிறம், கருநீலம், சாம்பல், பிரவுண் பேப்பர் நிறம் என்று அடங்கிய நிறங்களையே எடுக்கிறோம். பிறகு அழகுக்கு என்ன மிச்சம்? தாள் அடுக்கும், நேரான வெட்டும்தான். மேட் அரை மில்லிமீற்றர் சரிந்தாலும் மறைக்க ஒரு பூவும் கிடையாது.

(இந்த வகைக் காட்டுக்கே ஒரு பெயர் வேண்டும் என்று ஒருவர் கேட்டிருந்தார். ‘ஆண்மை’ வேறு பொருளுக்குப் போய்விட்டது, ‘ஆண்பால்’ இலக்கணத்துக்குரியது. ‘ஆண்களுக்கான காட்’ என்றால் எல்லோருக்கும் விளங்குகிறது. அதற்கு மேல் புதுச்சொல் வேண்டாம் என்பது என் எண்ணம்.)

‘மேட்’ என்றே தமிழில் எழுதிவிட்டுப் போகலாமே என்று கேட்டவர்களுக்கு: நானும் அப்படித்தான் இருந்தேன். போன மாதம் புறக்கோட்டையில் ஒரு கடையில் “மேட்டுக்குத் தாள் தாங்கோ, கருநீலம்” என்றேன். கடைக்காரர் உள்ளே போய், பளபளப்பில்லாத படத்தாள் கட்டு ஒன்றைக் கொண்டு வந்து வைத்தார். அவர் மேல் பிழையில்லை. பளபளப்பில்லாததும் மேட், அடியில் வைக்கிற தாளும் மேட், வாசலில் கிடக்கிற கால்மிதியும் மேட். ஆங்கிலத்தில் பளபளப்பில்லாததையாவது வேறு எழுத்தில் எழுதுவது வழக்கம், நம் எழுத்தில் மூன்றும் ஒன்றாகிவிடுகின்றன.

இனி, வந்த சொற்கள்.

‘சட்டகம்’: அழகான சொல்தான். ஆனால் படத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போடுகிற கடையிலும் ஒரு மேட் உண்டு. அது நடுவில் சன்னல் மாதிரி வெட்டிய மட்டை, படத்துக்கு மேலே உட்காரும். காட்டில் வருவது முழுத் தாள், படத்துக்குக் கீழே போகும். சட்டகம் என்ற பெயர் அந்தச் சன்னல் மட்டைக்குத்தான் பொருந்தும்.

‘விளிம்புத்தாள்’, ‘ஓரத்தாள்’: விளிம்புக்கு அகலம் கிடையாது. ஓரம் என்ற சொல்லை நான் வேறொன்றுக்கு வைத்திருக்க விரும்புகிறேன். ஆண்களுக்கான காட்டில் தாளின் வெட்டு ஓரத்தில் பஞ்சால் மண்ணிற மையைத் தேய்த்துப் பழசாக்குவோம். ‘ஓரத்துக்கு மை தேய்’ என்றால் அது உடனே விளங்கும். இரண்டுக்கும் ஒரே சொல் என்றால் செய்கிறவர் குழம்பிப் போவார்.

‘படைத்தாள்’: இலங்கைப் பாடநூல்களில் ஓசோன் படை என்றுதான் படித்தோம். தமிழ்நாட்டில் ஓசோன் படலம் என்கிறார்கள். ஆகவே படை என்ற சொல் நமக்குப் பழக்கமானதுதான். ஆனாலும் இந்த ஊரில் படை என்றதும் முதலில் மனதில் வருவது தாள் அடுக்கு அல்ல. பிறந்தநாள் மேசைக்கு அந்தச் சொல்லைக் கொண்டுவர எனக்கு மனமில்லை.

‘அடித்தாள்’: மடித்த காட்டுக்கே அந்தப் பெயர் வேண்டும். எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது அதுதானே.

என் சொல் எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். பெரியப்பா கொட்டாஞ்சேனையில் இருக்கிறார். நாற்பது வருடம் தச்சு வேலை செய்தவர். அதனால் காட்டின் நடுவில் மரவரியை (மரப்பலகையில் ஓடுகிற வரி) அச்சால் பதித்தேன். அச்சு தாளளவுக்குப் பெரியது, ஆகவே அதை மேசையில் முகம் மேலாக வைத்து, மண்ணிற மையைத் தட்டித் தட்டிப் பூசி, தாளை அதன் மேல் போட்டு உள்ளங்கையால் அழுத்தி எடுத்தேன். பெரிய அச்சுக்கு இதுதான் நல்லது. அச்சைத் தூக்கித் தாளில் குத்தினால் நடுவில் மை பிடிக்காது. பிரவுண் பேப்பர் நிறத்தில் வரி அப்படியே பலகை மாதிரி வந்தது. அளவுகளும் சொல்கிறேன்: ஏ4 பிறிஸ்டல் போட்டை (தடித்த தாள்) இரண்டாக வெட்டி மடித்தால் காட் 105க்கு 148 மில்லிமீற்றர். கருநீல மேட் 99க்கு 142. மரவரித் தாள் 93க்கு 136. அப்படியென்றால் சுற்றிவர 3 மில்லிமீற்றர் நீலமும், அதற்கு வெளியே 3 மில்லிமீற்றர் வெள்ளையும் தெரிய வேண்டும். மரவரியை மட்டும் ஃபோம் டேப்பில் (தடித்த ஒட்டு நாடா) தூக்கி ஒட்டினேன்.

பெரியப்பா காட்டை வாங்கினார். வாழ்த்தை வாசிக்கவில்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, காட்டைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய், பெருவிரல் நகத்தை நீலக் கீற்றின் மேல் ஓடவிட்டார். “நல்லா இருக்கு பிள்ளை. ஆனா கரை இந்தப் பக்கம் ஒரு நூல், அந்தப் பக்கம் ஒன்றரை நூல்.”

வீட்டுக்கு வரும் முன் அங்கேயே அடிமட்டம் வாங்கி அளந்தேன். ஒரு பக்கம் 3, மறுபக்கம் 5க்குக் கொஞ்சம் குறைவு. மரவரித் தாளையே 2 மில்லிமீற்றருக்குக் கிட்டக் குறைத்து வெட்டியிருக்கிறேன். ஓர் அங்குலத்துக்கு 8 நூல் என்ற தச்சர் கணக்கில் ஒரு நூல் 3.2 மில்லிமீற்றருக்குக் கிட்ட. ஒன்றரை நூல் 4.8. மனிதர் நகத்தாலேயே சரியாகச் சொல்லிவிட்டார்.

அந்த ஒரு வசனத்தில் எனக்கு இரண்டு சொல் கிடைத்தது. ஒன்று கரை. வேட்டிக்குக் கரை, சேலைக்குக் கரை. துணியின் உடலை ஒட்டி வேறு நிறத்தில், அளவான அகலத்தில் தெரிவது. மேட்டின் தெரிகிற பகுதி அதுவேதான். மற்றது நூல். ஆங்கிலத்தில் காட் செய்முறை எழுதுகிறவர்கள் ஒவ்வொரு அடுக்கையும் கால் அங்குலம் குறைத்து வெட்டச் சொல்வார்கள், அதாவது பக்கத்துக்கு அரைக்கால் அங்குலம். அது நம் தச்சர்களின் ஒரு நூல். புது அளவுச் சொல் தேடவே தேவையில்லை.

ஆகவே என் முன்மொழிவு: மேட் என்பது ‘கரைத்தாள்’. அளவு சொல்லும்போது ‘ஒரு நூல் கரை’. குறை இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள்.

*

மதுரையிலிருந்து:

அன்புத் தங்கைக்கு வணக்கம்.

கரை என்பதை மனதார வரவேற்கிறேன். இங்கே ஜவுளிக் கடைகளில் பார்டர் என்ற சொல் வந்து பல காலமாகிவிட்டது, ஆனாலும் நெசவு செய்பவர்களிடம் கரை உயிரோடு இருக்கிறது. காஞ்சிபுரம் கோர்வைப் புடவையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம், இரண்டையும் தறியிலேயே கோத்து இணைப்பார்கள். நீங்கள் பசையால் செய்வதை அவர்கள் இழையால் செய்கிறார்கள். எங்கள் பக்கம் கரைவேட்டி என்றால் கட்சிக்காரர் என்று ஒரு பொருள் ஏறியிருக்கிறது, ஆனால் அது வேட்டியோடு சேர்ந்தால்தான். தனியாகக் கரைக்கு அந்தச் சாயல் இல்லை. நூல் கணக்கும் எங்கள் தச்சர்களிடமும் கொத்தனார்களிடமும் அப்படியே இருக்கிறது.

சிக்கல் ‘தாள்’ என்பதில் இருக்கிறது. கரைத்தாள் என்று எழுதிப் பாருங்கள். ‘அவள் சர்க்கரையைப் பாலில் கரைத்தாள்’ என்றுதான் கண் முதலில் வாசிக்கும். படைத்தாள், அடித்தாள் இரண்டுக்கும் இதே கதி. தாளுக்கு முன் ஒற்று மிகும்போது பெண்பால் இறந்தகால வினைமுற்றின் வடிவம் வந்துவிடுகிறது. செய்முறையில் ‘பிறகு கரைத்தாள்’ என்று ஒரு வரி தொடங்கினால் வாசிப்பவர் நின்றுவிடுவார். கலைச்சொல் வாசிப்பைத் தடுக்கக் கூடாது.

கரை இருக்கட்டும், தாளை மாற்றுங்கள். நடுவில் வருவதை நெசவாளர் போலவே ‘உடல்’ என்று சொல்லலாமா என்றும் யோசியுங்கள்.

*

யாழ்ப்பாணத்திலிருந்து:

தங்கச்சி, மதுரை அண்ணா சொன்னது சரி. நானும் வாசிக்கும்போது ஒருக்கால் தடக்குப்பட்டுத்தான் போனேன்.

என் பங்குக்கு இரண்டு விசயம். கரைக்கும் கறைக்கும் எழுத்துப் பிழை வராமல் பார்க்க வேணும். மை பூசுகிற வேலையில் இரண்டுமே வரும். கருநீலக் கரையில் மைக்கறை பட்டால் ஒரே வசனத்தில் இரண்டையும் எழுத வேண்டியிருக்கும். இதற்காகச் சொல்லைக் கைவிட வேண்டாம், பட்டியலில் பக்கத்தில் ஒரு குறிப்புப் போட்டால் போதும்.

மற்றது, நீங்கள் மடல் முழுக்க ‘அச்சு’ என்று எழுதியிருக்கிறீர்கள், அது நல்லது. முந்தைய மடல்களில் சிலர் முத்திரை என்று எழுதினார்கள். எங்களுக்கு முத்திரை என்றால் கடிதத்தில் ஒட்டுவது. தமிழ்நாட்டில் அதற்குத் தபால்தலை இருக்கிறது, அதனால் அவர்களுக்குக் குழப்பம் இல்லை. ‘காட்டில் முத்திரை வைத்தேன்’ என்று நீங்கள் எழுதினால் நான் தபாலில் வரும் என்றுதான் பார்த்துக்கொண்டிருப்பேன். கந்தோரில் குத்துகிற இறப்பர் முத்திரை தனியாக இருக்கட்டும். காட் வேலைக்கு அச்சு. முறுக்கு அச்சு, கொழுக்கட்டை அச்சு என்று குசினியிலேயே இருக்கிற சொல்.

*

கொழும்பிலிருந்து:

அண்ணா, அக்கா, இருவருக்கும் நன்றி.

‘கரைத்தாள்’ விழுந்துவிட்டது, ஒத்துக்கொள்கிறேன். நானே அதைச் சத்தமாக வாசித்துப் பார்த்திருக்க வேண்டும். தாளை விட்டுவிட்டு மூன்று சொற்களை முயன்றேன். ‘கரைமட்டை’ கனமாக ஒலிக்கிறது, இந்தத் தாள் மெல்லியதாக இருந்தாலே நல்லது. ‘கரையொட்டு’ என்பது கரையில் ஒட்டுகிற நாடாவைச் சொல்வது போலிருக்கிறது. ‘கரையடுக்கு’ மட்டும் நின்றது. அடுக்குகளில் கரையாகத் தெரிகிற அடுக்கு என்று, கேட்டவுடன் பிரித்துப் பொருள் கொள்ள முடிகிறது. வினையோடு மயங்காது. தாளுக்குப் பதில் துணியோ மெல்லிய மரச்சீவலோ வைத்தாலும் பெயர் செல்லும். பெரியப்பாவின் காட்டுக்குத் தாளை விட மரச்சீவல்தான் பொருத்தம் என்று இப்போது தோன்றுகிறது.

நேற்று என் கூடப்பிறந்த அக்காவின் மகனுக்கு, பத்து வயது, கட்டரைத் தொடவிடாமல் பசை வேலையை மட்டும் கொடுத்து இந்தச் சொல்லைப் பழக்கிப் பார்த்தேன். “கரையடுக்கை எடு” என்றதும் கருநீலத் தாளை எடுத்தான். விளக்கம் கேட்கவில்லை. பைண்டர் கம்மைத் தாள் முழுக்க அப்பப் போனான். கரை வரும் இடத்தில் பூசாதே, உள்ளே மட்டும் பூசு என்றேன். அதுவும் விளங்கியது. இந்த வெக்கையில் கம் அதிகமானால் மெல்லிய தாள் நனைந்து நெளிந்துவிடும், கரைதான் முதலில் அலையலையாகும். பிறகு இரண்டாவது அடுக்கை வைத்துவிட்டு “சித்தி, இது இரட்டைக் கரையா?” என்று அவனே கேட்டான். அந்தச் சொல்லை நான் அவனுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. ஒரு சொல்லிலிருந்து அடுத்த சொல் தானாகப் பிறந்தால் அது ஊன்றிவிட்டது என்றே எடுத்துக்கொள்கிறேன்.

அண்ணா சொன்ன ‘உடல்’ நெசவில் அழகு. காட்டில் ‘உடலை வெட்டு’ என்று எழுத வேண்டி வரும், அதனால் நடுத்தாள் என்றே வைக்கிறேன். அதில் ஒற்று மிகுந்தாலும் வினைமயக்கம் இல்லை.

வாழ்த்து எழுதிய அச்சை ஆங்கிலத்தில் சென்டிமென்ட் என்கிறார்கள். தமிழில் சென்டிமென்ட் என்றால் படத்தில் அம்மா அழுகிற காட்சி. அதற்கு ‘வாழ்த்துவரி’ போதும், யாரும் மறுக்கவில்லை.

பட்டியலில் இப்படிச் சேர்க்கும்படி குழும நெறியாளரைக் கேட்டுக்கொள்கிறேன்:

கரையடுக்கு: நடுத்தாளின் அடியில் ஒட்டி, நாலு பக்கமும் ஒரே அகலத்தில் வெளியே தெரியும்படி வைக்கும் வேறு நிற அடுக்கு. வழமையான அகலம் ஒரு நூல். இரண்டு வைத்தால் இரட்டைக் கரை. வினை: கரை வைத்தல். எழுத்துக் குறிப்பு: இடையின ரகரம். கறை வேறு.

பெரியப்பாவின் காட்டைத் திரும்ப வாங்கி நடுத்தாளை மாற்றி ஒட்டித் தருகிறேன் என்று கேட்டேன். தரமாட்டேன் என்றுவிட்டார். ஒன்றரை நூலோடு அது அவருடைய சாமிப்படத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது.