பொருள் பிடித்ததா, அதை வாங்கின நேரம் பிடித்ததா?

கல்லடித் தையல்காரி:

வணக்கம். மட்டக்களப்பு கல்லடியில் வீட்டில் வைத்து சாறிச் சட்டை தைக்கிறேன். கன காலமாக ஒரு விசயம் கண்ணில் படுகிறது. பழைய சாறிக்குப் புதுச் சட்டை தைக்க வருகிறவர்கள் சாறியைத் தந்துவிட்டு உடனே போவதில்லை. எங்கே எடுத்தது, யார் கூட வந்தது, கடைக்கார நானா முதலில் எந்தச் சாறியை விரித்தார், எல்லாம் சொல்வார்கள். விலையைக் கேட்டால் மட்டும் ஞாபகம் இராது. போனில் பார்த்து எடுப்பித்த சாறிக்கு அப்படி ஒரு கதையும் வருவதில்லை. ஓரம் பிரிந்தால் தைக்கக்கூடக் கொண்டு வரமாட்டார்கள்.

என்னிடமும் ஒன்று இருக்கிறது. மருதமுனையில் ஒரு வீட்டுத் தறியில் எடுத்த பருத்திச் சாறி, பச்சையில் மஞ்சள் கரை. நான் போன நேரம் வேறொரு சாறி தறியில் ஓடிக்கொண்டிருந்தது. நெய்துகொண்டிருந்த உம்மா தறியை நிறுத்தி, என் விரலைப் பிடித்து ஓரத்தில் வைத்து, "இஞ்ச பாருங்க மனே, நூலைக் கொண்டு போற நாடா திரும்புற இடம் இது. இது நேரா நிண்டாத்தான் சாறி நேரா நிக்கும்" என்றார். இன்றைக்கும் தைக்க எந்தச் சாறி வந்தாலும் என் கை முதலில் ஓரத்துக்குத்தான் போகும். அதைவிட விலை கூடின சாறிகள் அலுமாரியில் இருக்கின்றன. ஒன்றும் இதற்குக் கிட்ட வராது.

இப்போது அக்காவின் மகளுக்குக் கல்யாணம். கூறையை ஒன்லைனில் ஓடர் பண்ணுவம் என்கிறாள் பிள்ளை. எனக்கு மனம் ஒப்பவில்லை. கடையில் உட்கார்ந்து, தொட்டுப் பார்த்து எடுக்கும்போது பற்று உண்மையிலேயே கூடுகிறதா, இல்லை எங்கள் பழக்கம்தான் அப்படியா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மருதமுனைத் தறிக்காரன்:

தங்கச்சி, வாப்பா காலத்தில் இருந்து எங்களுக்குத் தறிதான். பாவில், அதாவது தறியில் நீளவாட்டில் கட்டின நூலில், ஒரு இழை அறுந்தால் எல்லாத்தையும் நிறுத்தி, அறுந்த இழையைத் தேடிப் பிடித்து முடிச்சுப் போட்ட பிறகுதான் திரும்ப மிதிக்கலாம். அதைக் கண்ணால் கண்டவர் சாறியில் சின்ன முடிச்சு தட்டுப்பட்டால் பழுது என்று கொண்டு வரமாட்டார். அதே சாறி கடை வழியாகப் போனால் அதே முடிச்சுக்காகத் திரும்பி வரும். எங்கட கண்ணால் காண்கிற விசயம் இது.

1977இல் நாடு திறந்த பொருளாதாரத்துக்குப் போன பிறகு இறக்குமதித் துணி மலிவாக வந்து குவிந்தது, விலையில் எங்களால் ஈடுகொடுக்க முடியவில்லை. 2004இல் சுனாமி வந்து கடற்கரைப் பக்கத்துத் தறிகளையும் கொண்டு போனது. அதுக்குப் பிறகும் எங்களைத் தேடி வந்தவர்கள் பெரும்பாலும் முன்னம் ஒருக்கா வீட்டுக்குள் வந்து, தறிக்குப் பக்கத்தில் இருந்து தேத்தண்ணி குடித்த ஆட்கள்தான்.

வந்தாறுமூலைப் பட்டதாரி:

அக்கா, நான் முகாமைத்துவம் படித்தவன். இது வெறும் பழக்கம் இல்லை, ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். 1990இல் கானமன், நெட்ச், தேலர் மூவரும் வெளியிட்ட ஆய்வில் மாணவர்கள் சிலருக்குக் கோப்பி குடிக்கிற கோப்பை கொடுத்தார்கள். கோப்பை கிடைத்தவர்கள் அதை விற்கக் கேட்ட விலை, கிடைக்காதவர்கள் கொடுக்க முன்வந்த விலையைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. கைக்கு வந்ததும் அது 'என்னுடையது' ஆகிவிடுகிறது.

2009இல் பெக், ஷூ என்ற இரண்டு ஆய்வாளர்கள் இன்னும் ஒரு படி போனார்கள். காசு கொடுத்து வாங்காமல், சும்மா தொட்டுப் பார்த்தாலே அந்த 'என்னுடையது' என்ற எண்ணம் வருகிறதாம். தொட முடியாத இடத்தில், அது தன்னிடம் இருப்பதாக நினைத்துப் பார்த்தாலும் வரும். அதனால் ஒன்லைனில் எடுத்தால் பற்றே வராது என்று சொல்ல ஏலாது.

ஒன்று கவனியுங்கள். இதே காரணத்தால்தான் 2003இல் அமெரிக்காவின் இலினோய் மாநில சட்டமா அதிபர் அலுவலகம், பண்டிகைக்காலத்தில் பொருளைக் கையில் தந்து சொந்தமாக நினைக்கச் சொல்லும் கடைக்காரர்களிடம் விழிப்பாக இருங்கள் என்று மக்களை எச்சரித்தது. தோளில் சாறியைப் போட்டுக் கண்ணாடிக்கு முன்னால் நிறுத்தினால் மனம் இளகிவிடும். எவ்வளவு செலவழிப்பது என்று வீட்டிலேயே முடிவு பண்ணிக்கொண்டு போங்கள்.

அக்கரைப்பற்று ரீச்சர்:

மறுபக்கமும் இருக்கிறது, பிள்ளை. அம்மாவின் பழைய காப்பைக் கொடுத்துச் சங்கிலி எடுக்க ஒரு நகைக்கடைக்குப் போனேன். பெட்டியைத் திறக்க முதலே "எத்தனை பவுண் எடுக்கிற உத்தேசம்?" என்று கேட்டவர், பதிலைக் கேட்டதும் என்னை விட்டுவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார். அம்மாவும் கூட நின்றா. சங்கிலியில் ஒரு குறையும் இல்லை, வேலைப்பாடு அருமை. ஆனால் அதைக் கழுத்தில் போட எனக்கு மனம் வருவதில்லை, அம்மாவின் முகம்தான் முன்னுக்கு வருகிறது. அதனால் கடைக்குப் போவதென்றால் எந்தக் கடை என்று நாலு பேரிடம் விசாரித்துவிட்டுப் போங்கள்.

ஏறாவூர்த் தம்பி:

என்ட மனைவியின் நீலச் சாறி வட்ஸ்அப்பில் எடுத்தது. விற்ற ராத்தா வீடியோ கோலில் ஒவ்வொன்றாக விரித்து, வெயிலில் ஒருக்கா, லைட்டுக்குக் கீழே ஒருக்கா காட்டினா. மனைவி இன்றைக்கும் அவவைத்தான் சொல்லிச் சொல்லி உடுப்பா. கடையா, வட்ஸ்அப்பா என்பதில்லை, முன்னுக்கு நிற்கிற ஆள்தான் முக்கியம் என்று நினைக்கிறேன்.

கல்லடித் தையல்காரி:

எல்லாருக்கும் நன்றி. ரீச்சர், உங்கள் சங்கிலிக் கதையைப் பிள்ளைக்கு வாசித்துக் காட்டினேன். அவள் ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டாள்: வான் நிறைய ஆட்கள் வந்து ஆளுக்கொரு நிறம் சொல்லக் கூடாது. அவள், அக்கா, மாப்பிள்ளையின் தாய், நான், அவ்வளவுதான். அது நியாயம். உடுக்கப் போகிறவளின் கைக்குத்தான் முதலில் சாறி போக வேண்டும்.

கூறைக்குக் காத்தான்குடி, மற்றச் சாறிக்கு மருதமுனை என்று இருக்கிறோம். வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரம் கடைகள் பூட்டு, அதனால் சனிக்கிழமை காலை வெளிக்கிடுகிறோம். தறிக்கார அண்ணன், அன்றைக்கு உங்கள் வீட்டில் தறி ஓடுமா? பிள்ளைக்குக் காட்ட வேண்டும்.