பக்கத்து வளவு ஈரப்பலா மரம் விழுந்தால் காசு ஆர் தாறது?

மதில்மேல்பூனை:
"காத்துக்கு விழுந்த மரத்துக்கு வளவுக்காரன் ஒரு சதமும் குடுக்கத் தேவையில்லை, அது கடவுள் செயல்" எண்டு நேற்று இங்க ஒருத்தர் தீர்ப்பு எழுதியிருக்கிறார். கடவுளுக்குக் கொழும்பில வேற வேலை இல்லையோ? தெஹிவளையில என்ர மச்சான்ர வாகன்ஆருக்கு மேல பக்கத்து வளவு ஈரப்பலா விழுந்து, கூரை சீற்றில முட்டி நிக்குது. அடிமரத்தில கை நுழையிற பொந்து, அதைச் சுத்தித் தட்டுத் தட்டாக் காளான். இது கடவுள் செயலோ?

ஹம்டன்லேன்காரன்:
எழுதினது நான்தான். ஒரே ஒரு கேள்வி. மரம் விழ முதல் உங்கட மச்சான் பதிவுத் தபாலில கடிதம் போட்டவரோ?

மதில்மேல்பூனை:
மதிலுக்கு மேலால எத்தினையோ தரம் சொன்னவர்.

ஹம்டன்லேன்காரன்:
மதில் கோட்டில வந்து சாட்சி சொல்லுமோ? பதிவுத் தபால்?

கோட்டுக்கறுப்பு:
இலங்கையில இதுக்கு உரோம-டச்சுச் சட்டம், டச்சுக்காரர் காலத்தில வந்தது. வளவுக்காரர்ர கவனயீனத்தைக் காட்டவேணும். மரம் பழுதெண்டு தெரிஞ்சும், இல்லாட்டி புத்தியுள்ள ஆருக்கும் தெரிஞ்சிருக்க வேண்டிய நிலையிலயும், சும்மா விட்டவரோ எண்டதுதான் பார்க்கிறது. நல்ல பச்சை மரம் புயலுக்குச் சாய்ஞ்சால் நட்டஈடு எடுக்கிறது கஷ்டம். காளான் பூத்த மரம் வேற கதை. கடிதம் உதவும், கட்டாயமில்லை. படம் எடுத்து வையுங்கோ, 2 வருசத்துக்குள்ள வழக்குப் போடவேணும். சின்னத் தொகையெண்டால் கோட்டுக்கு முதல், ரெண்டு பக்கத்தையும் பேசித் தீர்க்கிற மத்தியஸ்த சபை.

ஹம்டன்லேன்காரன்:
இவ்வளவு சுத்தி வந்தும் என்ர வாசலுக்குத்தான் வந்திருக்கிறீர். சாட்சி வேணும். சாட்சி எண்டால் கடிதம். எங்க கடிதம்?

தெஹிவளைஅக்கா:
காளானும் உங்களுக்குப் பதிவுத் தபாலில அறிவிச்சுப்போட்டே பூக்கவேணும்? 2023 ஒக்டோபரில கொள்ளுப்பிட்டியில பஸ்ஸுக்கு மேல மரம் விழுந்து 5 பேர் செத்தவை. அதுக்கும் கடிதம் கேப்பீங்களோ தம்பி?

ஹம்டன்லேன்காரன்:
அது றோட்டு மரம் அக்கா, இதோட முடிச்சுப் போடாதேங்கோ. மற்றது, ஈரப்பலா தறிக்க 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி பேமிட் வேணும். பலா, ஈரப்பலா, பெண்பனை மூண்டுக்கும் அப்பிடித்தான். நினைச்ச உடன கோடாலியைத் தூக்கேலாது. வளவுக்காரன் பாவம்.

கோட்டுக்கறுப்பு:
அந்தப் பாவம் பேமிட் கேட்டுப் பிரதேச செயலகத்துக்குப் போனவரோ? போய் இழுபட்டவரெண்டால் அது அவருக்கு நல்ல பதில். போகவே இல்லையெண்டால் சட்டத்தைச் சாட்டேலாது.

ஹம்டன்லேன்காரன்:
போகச் சொல்லிக் கடிதம் போட்டாத்தானே போறது!

கொட்டாஞ்சேனைகுமார்:
என்னங்க இது, ஃபுல் இன்சூரன்ஸ் இருந்தா அவங்க குடுத்துட்டுப் போறாங்க. எதுக்கு இந்தச் சண்டை?

மதில்மேல்பூனை:
தேர்ட் பார்ட்டி மட்டும்தான் போட்டிருக்கு, அது மற்றாக்கள்ர நட்டத்துக்குத்தான், சொந்தக் காருக்கு இல்லை.

ஹம்டன்லேன்காரன்:
ஆ, இப்ப வெளிச்சுது! இன்சூரன்ஸிலயும் மிச்சம், முத்திரைக் காசிலயும் மிச்சம். கடைசியில அயலவன்ர மடியில கை.

தெஹிவளைஅக்கா:
போன வருசம் உங்கட மேல்வீட்டுத் தண்ணித் தாங்கி வழிஞ்சு உங்கட சுவர் ஊறினப்ப, "வாயால சொன்னாக் காணும், கடிதம் என்னத்துக்கு" எண்டு இங்க குதிச்சது ஆர்? எனக்கு மறக்கேல்ல.

ஹம்டன்லேன்காரன்:
தண்ணி வேற, மரம் வேற. உங்கட மாங்கொப்பு லேனுக்க நீட்டி, போற வாற வானெல்லாம் கீறுப்படுறதை முதல்ல பாருங்கோ.

கோட்டுக்கறுப்பு:
பக்கத்து வளவுக்க நீட்டுற கொப்பெண்டால் முதல்ல வெட்டச் சொல்லிக் கேக்கவேணும். வெட்டாட்டி எல்லை மட்டும் நீங்களே வெட்டலாம், அங்கால கை போகக்கூடாது. லேன் மாநகர சபையின்ர பாடு.

தெஹிவளைஅக்கா:
என்ர கறுத்தக்கொழும்பான் மாமரத்தில ஒருத்தரும் கை வைக்கேலாது! பை பையா வாங்கித் தின்னேக்க கொப்பு குத்தேல்லையோ?

கொட்டாஞ்சேனைகுமார்:
கறுத்தக்கொழும்பான் யாழ்ப்பாணத்துலதானே நல்லா வரும்? தெஹிவளையில காய்க்குதா?

ஹம்டன்லேன்காரன்:
அது கறுத்தக்கொழும்பானே இல்லை குமார், வெள்ளைக்கொழும்பான். நான் திண்டனான், எனக்குத் தெரியும்.

தெஹிவளைஅக்கா:
சாவகச்சேரியில இருந்து என்ர அப்பா கொண்டு வந்து வைச்ச கண்டு அது. உமக்கு என்ன தெரியும்?

மதில்மேல்பூனை:
என்ர மச்சான்ர கார்...

ஹம்டன்லேன்காரன்:
கொஞ்சம் பொறும். அக்கா, கண்டு வைச்சது எந்த வருசம்?