பழைய 350 சிசி புல்லட்டில் சைடுகார்: ஃபிரேமில் எங்கே பிடிப்பது, கோணங்களை எப்படி அமைப்பது?

கேள்வி: நெடுவழியன்

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் 1950-களின் பிற்பகுதியைச் சேர்ந்த 350 சிசி ராயல் என்ஃபீல்டு புல்லட் ஒன்று உள்ளது. எஞ்சினையும் கியர்பாக்ஸையும் முழுவதும் பிரித்துச் சரிசெய்து, இப்போது நல்ல நிலையில் ஓடுகிறது. வயதான என் தாயாரால் பின் இருக்கையில் அமர இயலாது என்பதால் சைடுகார் (வண்டியின் பக்கவாட்டில் இணைக்கும், ஒற்றைச் சக்கரமுள்ள இருக்கைப் பெட்டி) பொருத்த விரும்புகிறேன். சேஸியுடன் பழைய சைடுகார் ஒன்று கிடைத்துவிட்டது. ஆனால் அதை வண்டியுடன் இணைக்கும் கம்பிகளும் கிளாம்புகளும் அதனுடன் வரவில்லை.

வெல்டிங் வேலை செய்பவர் ஒருவர், ஃபிரேமிலேயே இரும்புக் காதுகளைப் பற்றவைத்து மூன்று இடங்களில் போல்ட் போட்டுவிட்டால் போதும் என்கிறார். பல ஆண்டுகள் பழுதின்றி வந்த ஃபிரேமில் நெருப்பு வைக்க எனக்கு மனம் வரவில்லை. இணைப்புகள் எங்கெங்கே வர வேண்டும், சக்கரங்களை எந்த அளவில் நேர்செய்ய வேண்டும், முன் ஃபோர்க்கை (முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவையை) மாற்றியே ஆக வேண்டுமா என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் பெரிதும் உதவியாக இருக்கும்.

பதில் 1: பட்டறைவாசி

உங்கள் தயக்கம் சரியானது. அந்த ஃபிரேமில் வெல்டிங் வேண்டாம். அக்காலத்து ஃபிரேம்களில் பெரும்பாலானவை, வார்ப்பிரும்பு இணைப்புத் துண்டுகளுக்குள் குழாய்களைச் செருகிப் பித்தளையால் பற்றுவைத்தவை. வெல்டிங்கின் வெப்பத்தில் அந்த வார்ப்பு நொறுங்கும் தன்மை அடையும். அருகிலுள்ள பித்தளைப் பற்றும் இளகிவிடும். வெளியே பார்க்க உறுதியாகத் தெரிந்தாலும், சில மாத ஓட்டத்தில் பற்றின் ஓரத்தில் மயிரிழை போன்ற விரிசல் தோன்றலாம். அது பெயின்ட்டுக்கு அடியில் மறைந்தே வளரும் என்பதுதான் இதில் எனக்குப் பெரிய அச்சம்.

அடுத்து, மூன்று இணைப்புகள் போதா, நான்கு வேண்டும். கீழே முன்னும் பின்னும் இரண்டு, மேலே முன்னும் பின்னும் இரண்டு. கீழிரண்டும் சக்கரங்களின் திசையை நிர்ணயிக்கின்றன. மேலிரண்டும் வண்டியின் சாய்வை நிர்ணயிப்பதால் அவை திருகி நீட்டவும் குறுக்கவும் கூடியவையாக இருக்க வேண்டும்.

புல்லட்டில் ஒரு சிக்கல் உண்டு. எஞ்சினுக்கு அடியில் ஃபிரேம் குழாய் ஓடுவதில்லை. முன்குழாய் எஞ்சினின் முகப்பில் முடிந்துவிடுகிறது, எஞ்சினே ஃபிரேமின் ஒரு பகுதியாக நின்று சுமையைத் தாங்குகிறது. எனவே கீழ் முன் இணைப்பை எஞ்சின் உறையில் இருக்கும் ஒற்றை போல்ட்டில் தொங்கவிட்டால், சைடுகாரின் இழுப்பு முழுவதும் அலுமினிய உறையின் மீது இறங்கும். இதற்குத் தகுந்த வழி ஒரு துணைச் சட்டம்: எஞ்சினுக்கு முன்னுள்ள தகடுகளிலிருந்து பின்னால் கியர்பாக்ஸ் தகடுகள் வரை அடியில் ஓடி, பல போல்ட்களில் சுமையைப் பிரித்துக் கொடுக்கும் எஃகுச் சட்டம். கீழ் இணைப்புகள் இரண்டையும் அதில்தான் பிடிக்க வேண்டும். மேல் முன் இணைப்பை ஸ்டியரிங் தலைக்கு (ஃபோர்க் ஃபிரேமில் திரும்பும் இடத்துக்கு) சற்றுக் கீழே முன்குழாயிலும், மேல் பின் இணைப்பை இருக்கைக்கு அடியில் குழாய்கள் சந்திக்கும் இடத்துக்கு அருகிலும் கிளாம்ப் கொண்டு பிடிக்கலாம். கிளாம்பின் உள்விட்டம் குழாயின் வெளிவிட்டத்துக்குச் சரியாகக் கடைந்ததாக இருக்கட்டும். பெரிய கிளாம்பை முடுக்கி இறுக்கினால் குழாய் நசுங்கும். பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மில் எதையும் இணைக்கவே கூடாது. அது மேலும் கீழும் அசையும்போது சைடுகாரின் கோணமும் சேர்ந்து மாறும்.

பதில் 2: மூன்றாம் சக்கரம்

மேலே சொன்ன இணைப்பு வேலை முடிந்ததாக வைத்துக்கொண்டு அளவுகளுக்கு வருகிறேன். சமதளமான தரையில், மூன்று டயர்களிலும் உரிய காற்றடித்து, ஓட்டுபவர் அமர்ந்த நிலையில்தான் அளக்க வேண்டும். ஆளில்லாமல் அளந்தால் ஸ்பிரிங் அமுங்கியவுடன் எல்லாம் மாறிவிடும்.

முதலில் சைடுகார் சக்கரத்தின் அச்சு, வண்டியின் பின் சக்கர அச்சைவிட முன்னால் இருக்க வேண்டும். 150 முதல் 250 மி.மீ. வரை வழக்கமான அளவு. இது குறைந்தால் சைடுகார் இல்லாத பக்கம் திரும்பும்போது அதன் மூக்கு தரையை நோக்கிக் குத்தும். கூடினால் திருப்புவது கனக்கும், டயரும் உரசித் தேயும்.

அடுத்து சக்கரங்களின் திசை. நேரான இரண்டு நீளக் குழாய்களை எடுத்து, ஒன்றை வண்டியின் இரு சக்கரங்களை ஒட்டியும், மற்றொன்றைச் சைடுகார் சக்கரத்தை ஒட்டியும், அச்சு உயரத்துக்குச் சற்றுக் கீழே கட்டைகளின் மேல் வையுங்கள். முன் டயரும் பின் டயரும் வெவ்வேறு அகலமாக இருந்தால் மெலிந்த டயரின் பக்கம் அந்த வித்தியாசத்தில் பாதிக்குத் துண்டு வைத்துச் சமன்செய்ய வேண்டும். பலர் விட்டுவிடும் இடம் இது. முன் சக்கரத்துக்கு முன்னால் இரு குழாய்களுக்கும் உள்ள இடைவெளி, பின் சக்கரத்துக்குப் பின்னால் உள்ள இடைவெளியைவிட 15 முதல் 20 மி.மீ. குறைவாக இருக்கட்டும். அதாவது சைடுகார் சக்கரம் வண்டியை நோக்கி மிகச் சிறிதளவு திரும்பியிருக்கும்.

கடைசியாகச் சாய்வு. வண்டி, சைடுகாருக்கு எதிர்ப்பக்கமாக ஏறக்குறைய 1 பாகை சாய்ந்திருக்க வேண்டும். தூக்குக்குண்டு நூலைக் கொண்டு பார்த்தால் 700 மி.மீ. உயரத்தில் இது சுமார் 12 மி.மீ. விலகலாகத் தெரியும். சைடுகாரின் இழுவையும், சாலையின் ஓரச் சரிவும் வண்டியைச் சைடுகார் பக்கமே இழுக்கும். அதை இந்தச் சாய்வு ஈடுசெய்கிறது. சமமான சாலையில் ஓட்டிப் பார்த்து, கைப்பிடி சைடுகார் பக்கம் இழுத்தால் மேல் இணைப்புகளை அரைச் சுற்று வீதம் நீட்டிச் சாய்வைக் கூட்டுங்கள். எதிர்ப்பக்கம் இழுத்தால் குறையுங்கள்.

முன் ஃபோர்க் மாற்றுவதே நல்லது என்பது என் கருத்து. ஸ்டியரிங் அச்சுக்கோடு தரையைத் தொடும் இடத்துக்கும் டயர் தரையைத் தொடும் இடத்துக்கும் உள்ள தூரம், சைடுகார் இல்லாத தனி வண்டிக்குத் தேவையானது. மூன்று சக்கரத்தில் அதுவே கைப்பிடியைத் திருப்பக் கனக்கச் செய்கிறது; அந்தத் தூரத்தைக் குறைக்கவே ஃபோர்க்கை மாற்றுவது. 1955 முதல் 1969 வரை வந்த எர்ல்ஸ் ஃபோர்க் (முன் சக்கரத்தை அசையும் கை ஒன்றில் தாங்கும் வகை) கொண்ட பிஎம்டபிள்யூ வண்டிகளில், தனி ஓட்டத்துக்கும் சைடுகாருக்கும் வெவ்வேறு நிலையில் அந்தக் கையைப் பொருத்தும் வசதியைத் தயாரிப்பாளரே வைத்திருந்தார் என்றால், இதன் முக்கியத்துவம் புரியும்.

பதில் 3: மெதுநடை

மூன்றாம் சக்கரம் சொன்ன அளவுகள் அனைத்தும் சரியே. ஃபோர்க் பற்றி மட்டும் வேறுபடுகிறேன். 350 சிசி புல்லட்டின் எஞ்சின் தருவது ஏறக்குறைய 18 குதிரைத்திறன்தான். சைடுகாருடன் அது விரையப்போவதில்லை. அந்த வேகத்துக்கு மூல ஃபோர்க்கையே வைத்துக்கொண்டு, கனமான ஸ்பிரிங்கும் ஸ்டியரிங் டேம்பரும் சேர்ப்பது போதுமானது. மெதுவாகச் செல்லும்போது கைப்பிடி இருபுறமும் ஆடும் நடுக்கத்தை டேம்பர் அடக்கிவிடும். கை வலித்தால் பிறகு ஃபோர்க்கை மாற்றலாம். முதல் நாளே பழைய வண்டியின் அமைப்பைக் கலைக்க வேண்டியதில்லை.

ஃபோர்க்கைவிட முதலில் கவனிக்க வேண்டியது கியர் விகிதம். தனி வண்டியின் விகிதத்தில் சைடுகாரை இழுத்தால் கிளட்ச் எரியும், ஏற்றத்தில் எஞ்சின் திணறும். கியர்பாக்ஸ் ஸ்ப்ராக்கெட்டில் (செயினை இழுக்கும் பற்சக்கரத்தில்) இரண்டு பற்கள் குறைத்துப் பாருங்கள். எடுத்துக்காட்டாக 18 பற்களிலிருந்து 16-க்கு வந்தால் விகிதம் சுமார் 11 சதவீதம் தாழும். இத்துடன் பின் சக்கர ஸ்போக்குகளையும் சோதிக்க வேண்டும். தனி வண்டி வளைவில் சாய்வதால் சக்கரத்துக்குப் பக்கவாட்டு விசை பெரிதாக வருவதில்லை. சைடுகார் வண்டி சாய்வதில்லை என்பதால் அந்த விசை முழுவதையும் ஸ்போக்குகளே ஏற்கின்றன.

நெடுவழியன்

மூவருக்கும் மிக்க நன்றி. துணைச் சட்டம் செய்துகொண்டு, மூல ஃபோர்க்குடனேயே தொடங்குகிறேன். ஒன்று மட்டும் கேட்க வேண்டும்: தாயாரை இறக்கிவிட்டு வெறும் சைடுகாருடன் திரும்பும்போது ஏதேனும் ஆபத்து உண்டா?

பதில் 4: மெதுநடை

உண்டு, அதுவே அதிக கவனம் தேவைப்படும் நேரம். சைடுகார் இருக்கும் பக்கமே வேகமாகத் திரும்பினால், எடையில்லாத அதன் சக்கரம் தரையைவிட்டு எழும். இருக்கைக்கு அடியில், சக்கரத்துக்கு அருகில் 30 முதல் 40 கிலோ மணல் மூட்டையை நகராதபடி கட்டி வையுங்கள். ஆக்சிலரேட்டரைத் திருகும்போது வண்டி சைடுகார் பக்கம் இழுக்கும். பிரேக் பிடிக்கும்போது, சைடுகார் சக்கரத்தில் பிரேக் இல்லையெனில், எதிர்ப்பக்கம் இழுக்கும். இரண்டையும் கை பழகும்வரை ஆளில்லாத பரந்த மைதானத்தில் ஓட்டி, போல்ட்கள் அனைத்தையும் மீண்டும் ஒருமுறை முறுக்கிப் பார்த்த பின்னரே தாயாரை அமர்த்துங்கள். மேலும், வாகனத்தின் பதிவுச் சான்றில் இந்த மாற்றத்தை முன்கூட்டியே முறையாகச் சேர்த்துக்கொள்வது நல்லது.