வடிகால், பஸ், வார்டு எல்லை: திறந்த வரைபடத் தரவோடு எங்கள் அனுபவங்கள்

மடிப்பாக்கம், சென்னை

2015 டிசம்பர் வெள்ளத்தின்போது, யார் வேண்டுமானாலும் வரைந்து சேர்க்கக்கூடிய திறந்த இணைய வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பின் ஆர்வலர்கள் இணையத்தில் ஒரு வெள்ள வரைபடம் போட்டார்கள். தண்ணீர் நிற்கும் தெருவைத் தொட்டால் அது வேறு நிறத்தில் தெரியும். எந்த வழியாகப் போகலாம் என்று பார்க்க எத்தனையோ பேருக்கு அது உதவியது. எங்கள் பக்கத்துக் குறுக்குத் தெருக்கள் சிலவற்றை மட்டும் அதில் தொட முடியவில்லை. அந்தத் தெருக்களை அதுவரை யாரும் வரைந்திருக்கவில்லை, அவ்வளவுதான். இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு, அதைச் சொல்ல வழியில்லாமல் இருந்தோம்.

மழை ஓய்ந்ததும் அக்கம்பக்கத்தில் நாலைந்து பேர் சேர்ந்து நடக்க ஆரம்பித்தோம். தெருப் பெயர்கள் சீக்கிரமே முடிந்துவிட்டன. பாடுபடுத்தியது வடிகால்தான். ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் கால்வாயோ வடிகாலோ எதை வரைந்தாலும் தண்ணீர் ஓடும் திசையில்தான் கோட்டை இழுக்க வேண்டும். காய்ந்து கிடக்கும் வடிகாலைப் பார்த்து எவரும் திசை சொல்லிவிட முடியாது. சிமென்ட் மூடியின் இடுக்கில் டார்ச் அடித்துப் பார்த்தால் வண்டலும் பிளாஸ்டிக் பையும்தான் தெரியும்.

எங்களுக்குத் திசை சொன்னவர் தெருமுனையில் தள்ளுவண்டியில் இஸ்திரி போடும் பெரியவர். “இந்தத் தண்ணி நேரா போகாது சார். அந்தக் கல்யாண மண்டபத்துக்குப் பின்னாடி திரும்பும். அங்க முன்ன ஒரு மதகு இருந்துது, அதை மூடித்தான் ரோடு போட்டாங்க” என்றார். போய்ப் பார்த்தோம். மண்டபத்தின் பின்சுவர் ஓரமாக ஒரு சிமென்ட் குழாயின் வாய், முக்கால்வாசி மண் மூடிக் கிடந்தது. பெரிய படமாகப் பார்த்தால் எல்லோருக்கும் தெரிந்த கதை இது: கீழ்க்கட்டளை ஏரியின் உபரி நீர் நாராயணபுரம் ஏரிக்கு, அங்கிருந்து பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்கு, பிறகு ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய், கோவளம் முகத்துவாரம். ஆனால் என் வீட்டு வாசல் தண்ணீர் இந்தச் சங்கிலியில் எந்த இடத்தில் போய்ச் சேர்கிறது என்பது அந்தக் குழாயைப் பார்த்த பிறகுதான் புரிந்தது.

வரைந்ததை ஏ3 தாளில் அச்செடுத்துச் சம்பந்தப்பட்ட உதவிப் பொறியாளரிடம் கொண்டுபோனோம். விரட்டிவிடுவார் என்று எங்களில் சிலர் பயந்தார்கள். அவர் உட்காரச் சொன்னார். அவரிடம் இருந்தவை டெண்டர் வாரியாக, ஆட்டோகேட் என்ற வரைவு மென்பொருளில் போட்ட படங்கள். ஒரு வேலையில் கட்டிய வடிகால் அடுத்த வேலையில் கட்டியதோடு எங்கே சேர்கிறது என்பதைக் காட்டும் ஒரே படம் என்று எதுவும் இல்லை. எங்கள் தாளை மேசையில் விரித்து, சிவப்பு மார்க்கரால் வாட்டம் சரியில்லாத இடங்களை அவரே வட்டமிட்டுக் காட்டினார். அந்த விவரத்தை எத்தனை வருடம் நடந்தாலும் எங்களால் கண்டுபிடித்திருக்க முடியாது. அரசு தரவைப் பூட்டி வைத்திருக்கிறது என்று பொதுவாகச் சொல்கிறோம். நான் பார்த்தவரை அது பல பேருடைய கணினியில் துண்டு துண்டாகக் கிடக்கிறது. சேர்த்து வைக்கவும் வெளியிடவும் ஆளும் உத்தரவும் வேண்டும், அதைத்தான் நாம் கேட்க வேண்டும்.

இன்னொன்று, வார்டு எல்லை. 2011-ல் மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்து, 155 வார்டுகள் 200 ஆயின. அதுவரை ஊராட்சியாக இருந்த எங்களுக்கு எந்த வார்டு என்பதே கொஞ்ச காலம் குழப்பம். டேட்டாமீட் என்ற திறந்த தரவு ஆர்வலர் குழுவினர் பல நகரங்களின் வார்டு எல்லைகளைக் கணினியில் பயன்படுத்தும் கோப்புகளாகச் சேர்த்து, யாரும் எடுத்துக்கொள்ளும்படி வைத்திருக்கிறார்கள். சென்னையும் அதில் உண்டு. தெருவிளக்கு எரியவில்லை என்று புகார் எழுதும் முன் அதைத் திறந்து பார்ப்பது எங்களுக்கு இப்போது வழக்கமாகிவிட்டது.

உங்கள் ஊரில் என்ன நடந்தது என்று எழுதுங்கள்.

திருச்சி

மடிப்பாக்கம் அண்ணா எழுதியதைப் படித்ததும், பஸ் புறப்படும் நேரத்தைக் குறித்து வைக்கும் எங்கள் டைம் கீப்பர் நினைவுதான் வந்தது.

கல்லூரியில் படிக்கும்போது டவுன் பஸ் வழித்தடங்களைத் தரவாக்க முயன்றோம். பஸ், ரயில் நேர அட்டவணையைத் தரவாக எழுத ஜி.டி.எஃப்.எஸ். என்று ஒரு பொது வடிவம் இருக்கிறது. பெயர்தான் மிரட்டும், உள்ளே இருப்பவை சாதாரண உரைக் கோப்புகள்: நிறுத்தங்களுக்கு ஒன்று, வழித்தடங்களுக்கு ஒன்று, எந்த நிறுத்தத்துக்கு எத்தனை மணிக்கு என்பதற்கு ஒன்று. கொச்சி மெட்ரோ 2018-லேயே தன் நேர அட்டவணையை இந்த வடிவில் திறந்துவிட்டது. அதே ஆண்டு டில்லி அரசு பஸ் தரவுக்கென்று ஒரு தளமே தொடங்கியது. எங்களுக்கு அப்படி எதுவும் கிடைக்கவில்லை. அதனால் சத்திரம் பேருந்து நிலையத்தில் போய் நின்றோம்.

டைம் கீப்பர் கையில் நீளமான நோட்டு. பஸ் எண், நடை, புறப்பட வேண்டிய நேரம், புறப்பட்ட நேரம் எல்லாம் கட்டம் கட்டமாக நீல மையில். படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். “இதெல்லாம் எங்க தலையிலயே இருக்கும்மா, இதை வச்சு என்ன பண்ணப் போறீங்க?” என்றார். நாங்கள் போட்டு வைத்திருந்த ஒரு வழித்தடத்தை போனில் காட்டினேன். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தார். “சாயங்காலம் இந்த ரன்னிங் டைம்ல பால்பண்ணை தாண்ட முடியாது. பத்து நிமிஷம் சேர்த்துப் போடு” என்றார். அப்புறம் ஒரு டிரைவரைக் கூப்பிட்டு உட்கார வைத்து, ஒவ்வொரு நிறுத்தமாகச் சொல்ல வைத்தார். டிரைவர் சொன்னவற்றில் பாதிக்குப் பெயர்ப் பலகையே கிடையாது. வேப்பமரம்தான் அடையாளம். ஆனால் கண்டக்டர் விசில் அடிப்பது அங்கேதான், கைக்குழந்தையோடு நிற்கும் பெண் நிற்பதும் அங்கேதான்.

2025-ல் பஞ்சப்பூர் முனையம் வந்ததும் பஸ் போக்குவரத்து பெரிதாக மாறியது. நாங்கள் சேர்த்ததில் நிறைய பழசாகிவிட்டது. தன்னார்வலர்கள் ஒரு முறை உழைத்து ஒரு வரைபடம் கொண்டுவந்துவிடலாம். வழித்தடம் மாறிய அன்றே தரவும் மாற வேண்டும் என்றால் அது போக்குவரத்துக் கழகத்திடமிருந்துதான் வர வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

மட்டக்களப்பு

நான் இலங்கையிலிருந்து எழுதுகிறேன். எங்கட மாவட்டத்தில் அனர்த்த முகாமைத்துவ நிலையமும் உலக வங்கியும் சேர்ந்து மண்முனை வடக்குப் பிரதேச செயலகப் பிரிவை ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் ஏற்றிய வேலை 2012, 2013 காலத்தில் நடந்தது. இரண்டு மாதத்துக்குள் 30,000-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் வரைபடத்தில் ஏறின. செய்மதிப் படத்தைப் பார்த்துக் கூரையின் வடிவத்தைக் கணினியில் வரைந்துவிடலாம். ஆனால் அது எத்தனை மாடி, சுவர் என்ன, கூரை ஓடா தகரமா என்பதை ஒழுங்கைக்குள் நடந்துபோய்த்தான் எழுத வேண்டும். வெள்ளமோ சூறாவளியோ வந்தால் எந்த வீடு தாங்கும் என்று கணக்கெடுக்க அந்த விவரம்தான் தேவை.

அப்படிப் படிவத்தோடு நடந்தவர்களில் நானும் ஒருவன். வாவிக்கரைப் பக்கம் ஒரு வளவில் ஒரு அம்மா வேலிப் படலையைத் திறக்காமலே நின்று கேட்டார்: “வீட்டை எழுதுறது எதுக்குத் தம்பி? பேரும் எழுதுவீங்களோ?” யுத்த காலத்தில் வீட்டுப் பட்டியல் எழுத வருகிறவர்களைக் கண்டால் எங்கட சனத்துக்கு என்ன பயம் வரும் என்று இங்கே விளக்கத் தேவையில்லை. கையிலிருந்த தாளை வேலிக்கு மேலால் கொடுத்தேன். வாசித்துப் பார்த்தார். மாடி, சுவர், கூரை, அவ்வளவுதான். பெயருக்கு அதில் இடமே இல்லை. படலை திறந்தது. பிறகு அவரே பின்னால் கூட்டிக்கொண்டு போய், 2011 ஜனவரி வெள்ளம் எவ்வளவு உயரம் வந்தது என்று கிணற்றுக் கட்டில் இருந்த கறையைக் காட்டினார்.

அதனால் இங்கே ஒன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். திறந்த தரவு என்று சொல்லிக்கொண்டு எல்லாவற்றையும் திறந்துவிடக் கூடாது. கட்டடம், வீதி, பாடசாலை, கிணறு, பாதுகாப்பான உயரமான மண்டபம் இவை எல்லோருக்கும் தெரிய வேண்டும். அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள், ஆண் துணை இருக்கிறதா, யாருக்கு நிவாரணம் கிடைக்கிறது என்பவை பொது வரைபடத்துக்கு வரவே கூடாது. நிவாரணப் பட்டியலைக் கிராம சேவகர் தன் பதிவேட்டில் வைத்திருக்கட்டும். இரண்டையும் ஒரே கோப்பில் வைத்துப் பகிர்வதை நான் பார்த்திருக்கிறேன். பார்த்தவுடன் நிறுத்தச் சொல்லுங்கள்.

காஞ்சிபுரம் மாவட்டம், ஓய்வு பெற்ற சர்வேயர்

படித்தேன். மட்டக்களப்புத் தம்பி சொன்னது நூற்றுக்கு நூறு சரி.

எங்கள் காலத்தில் வரைபடம் என்றாலே ஒரு பயம். யாராவது ஜி.பி.எஸ். கருவியோடு வயலில் நின்றால் “அனுமதி இருக்கா?” என்று கேட்போம். 2021 பிப்ரவரி 15-ல் ஒன்றிய அரசு புதிய புவித்தரவு வழிகாட்டுதல் கொண்டுவந்தது. அதன் பிறகு இந்தியர்களும் இந்திய நிறுவனங்களும் அளவெடுக்க, வரைபடம் தயாரிக்க, வெளியிட முன் அனுமதி தேவையில்லை. பாதுகாப்பு தொடர்பான சில கட்டுப்பாடுகள் மட்டும் இருக்கின்றன. 1802-ல் ஆங்கிலேய ராணுவ அதிகாரி லாம்டன் பரங்கிமலைப் பக்கம் நில அளவைக்கான அடிக்கோடு அளந்ததிலிருந்து இந்தத் துறை ராணுவத்தின் கையிலும் அரசின் கையிலுமே இருந்துவந்தது. அதை நினைத்தால் இது பெரிய மாற்றம்.

நம் மாநிலத்தில் ஒவ்வொரு புல எண்ணின் அளவையும் காட்டும் புலப்படமும், அது என்ன வகை நிலம் என்று சொல்லும் அ-பதிவேடும் இணையத்தில் பார்க்கக் கிடைக்கின்றன. மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் கொடுத்தால் போதும். என் ஊர் இளைஞர்கள் சிலர் ஒரு ஓடை புறம்போக்கைத் தேடி என்னிடம் வந்தார்கள். முதலில் அ-பதிவேட்டில் ‘ஓடை’ என்று வகைப்படுத்திய புல எண்களை எடுக்கச் சொன்னேன். அடுத்து அந்த எண்களின் புலப்படங்கள். ஒவ்வொன்றும் தனித்தனித் தாள், பூமியில் எங்கே என்று சொல்லும் ஆயத்தொலைவு அதில் கிடையாது. ஜி லைன் என்னும் குறுக்கு அளவுக்கோடு, அதிலிருந்து எல்லை வளைவுகளுக்கு உள்ள தூரமான ஆஃப்செட், பக்கங்களின் நீளம் இவைதான் இருக்கும். பக்கத்துப் பக்கத்துப் புலங்களை ஒட்டி, முச்சந்திக் கல்லையும் ஏரிக்கரை வளைவையும் பிடித்துக்கொண்டு, பசங்க கியூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளில் செயற்கைக்கோள் படத்தின் மேல் பொருத்தினார்கள். ஓடை போன பாதை ஒரு சேமிப்புக் கிடங்கின் அடியில் தெளிவாகத் தெரிந்தது.

அவர்கள் உடனே வாட்ஸ்அப்பில் போடத் துடித்தார்கள். வேண்டாம் என்றேன். செயற்கைக்கோள் படமே சில மீட்டர் தள்ளி இருக்கலாம். ஆக்கிரமிப்பு என்று ஒருவரைச் சொல்ல அந்தப் படம் போதாது. ஆனால் “இந்தப் புல எண்ணை அளந்து காட்டுங்கள்” என்று வட்டாட்சியரிடம் மனு கொடுக்க அது தாராளமாகப் போதும். மனு கொடுத்தார்கள், குறுவட்ட சர்வேயர் வந்து அளந்தார். ஓடை போன பாதையில்தான் கிடங்கு நிற்கிறது என்று அறிக்கையும் கொடுத்துவிட்டார். அதற்கு மேல் நடவடிக்கை இழுத்துக்கொண்டிருக்கிறது.

கொங்குப் பக்கத்திலிருந்து

ஐயாவுக்கு நன்றி. புலப்படம் ஒட்டும் முறையை எங்கள் குழுவில் எல்லோருக்கும் அனுப்பிவிட்டேன்.

மடிப்பாக்கம் நண்பர் வார்டு எல்லை பற்றிச் சொன்னார். எங்கள் நகரத்துக்கு அப்படிக் கோப்பு எங்கும் கிடைக்காததால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டோம். பத்து ரூபாய் கட்டணம். “அலுவலக நேரத்தில் நேரில் வந்து பார்வையிடலாம்” என்று பதில் வந்தது. சட்டத்தின் 2(ஜே) பிரிவு, கணினியில் இருக்கும் தகவலை மின்னணு வடிவிலேயே பெறும் உரிமையைத் தருகிறது. மனு எழுதும்போதே அதைக் குறிப்பிடுங்கள். “வரைபடத்தின் நகல்” என்று மட்டும் கேட்டால் ஜெராக்ஸ்தான் வரும். “கே.எம்.எல்., ஷேப்ஃபைல் அல்லது ஆட்டோகேட் வடிவில், எப்படி இருக்கிறதோ அப்படியே” என்று, கணினி வரைபடக் கோப்பு வடிவங்களின் பெயரைச் சொல்லி எழுதுங்கள். முதல் மேல்முறையீட்டில் அந்தப் பிரிவைக் காட்டினோம். விசாரணை நடக்கும்போதே வரைவாளரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள், அவர் கணினியில் கோப்பு இருந்தது, சி.டி.யில் போட்டுக் கொடுத்தார்.

அந்த எல்லையின் மேல் அங்கன்வாடிகளைப் புள்ளி வைத்துப் பார்த்தபோது, இரண்டு வார்டுகள் தொடும் ஓரத்தில் ஒரு காலனி தனியாகத் தெரிந்தது. ஒவ்வொரு வார்டும் அதை அடுத்த வார்டின் கணக்கில் விட்டிருந்தது. பிள்ளைகள் ரயில்வே கேட் தாண்டித்தான் அங்கன்வாடிக்குப் போக வேண்டும். காலனிப் பெண்கள் அச்செடுத்த படத்தோடு திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்குப் போனார்கள். இப்போது காலனிக்குள்ளேயே ஒரு வாடகை வீட்டில் மையம் நடக்கிறது. சொந்தக் கட்டடத்துக்கு இடம் பார்க்கிறார்கள்.

ஒரு சந்தேகம் பாக்கி. அந்தக் கோப்போடு எந்த உரிமமும் வரவில்லை. பயன்படுத்தலாம் என்று எழுத்துப்பூர்வமான அனுமதி இல்லாமல் அதை ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் ஏற்றக் கூடாது என்பதால் ஏற்றாமல் வைத்திருக்கிறோம். ஆணையருக்குக் கடிதம் எழுத வேண்டும். உங்களில் யாராவது இப்படி அனுமதி வாங்கியிருந்தால், கடிதத்தின் வாசகத்தை இங்கே போட முடியுமா?