சயின்ஸும் ஆர்ட்ஸும் ஒரே வகுப்பில்: கூட்டுப் பாடம் எடுப்பவர்களின் அனுபவப் பகிர்வு

இயற்பியல் ஆசிரியர்:
சயின்ஸும் ஆர்ட்ஸும் ஒன்றையொன்று புரிந்துகொள்ளாமல் பிரிந்து கிடப்பதைப் பற்றி 1959இல் கேம்பிரிட்ஜில் எழுத்தாளர் சி. பி. ஸ்நோ ஆற்றிய உரைக்குப் பிறகும், இரு பிரிவுக்கும் பாலம் கட்ட எல்லோரும் சொல்லும் வழி எதிர்த்துறையில் ஓர் அறிமுகத் தாள். தேர்வு முடிந்ததும் அது மறந்துபோகும். இரு தரப்புக்கும் ஒரே பொருளைக் கொடுங்கள். உயிரினங்களின் எச்சத்தில் மிஞ்சியிருக்கும் கார்பன்-14ஐ அளந்து வயது சொல்லும் கார்பன் காலக்கணிப்பு அதற்கு அருமையாகப் பொருந்துகிறது.

அகழாய்வுக் கரித்துண்டுக்கு '2450 ± 30' ஆண்டுகள் என்று ஆய்வக அறிக்கை வருகிறது என்று வையுங்கள். சயின்ஸ் மாணவர்கள் உடனே நடப்பு ஆண்டிலிருந்து கழிப்பார்கள். தவறு, இந்தக் கணக்கு 1950இலிருந்து பின்னோக்கிப் போவது. ±30 என்பதும் எல்லைக்கோடு இல்லை, சுமார் 68 சதவீத வாய்ப்பு மட்டுமே. காற்றில் இருந்த கார்பன்-14 அளவு காலத்துக்குக் காலம் மாறியதால், மர வளையங்களைக் கொண்டு வரைந்த திருத்த வளைகோட்டில் எண்ணைப் பொருத்த வேண்டும். அந்தக் கோடு ஏறக்குறைய கி.மு. 800 முதல் 400 வரை தட்டையாகக் கிடக்கிறது, அதாவது அந்தக் காலத்தின் பல ஆண்டுகளுக்கு ஏறக்குறைய ஒரே எண்தான் வரும். முப்பது ஆண்டுப் பிழை சில நூற்றாண்டுகளாக விரிவதை மாணவர்களே வரைந்து பார்க்கட்டும்.

வரலாற்று ஆசிரியர்:
எங்கள் மாணவர்களின் கோளாறு வேறு. எண் அச்சில் வந்துவிட்டால் கேள்வியே கேட்க மாட்டார்கள். நான் கேட்கச் சொல்வது ஒன்றுதான்: எதன் வயது இது? கரித்துண்டு சொல்வது அந்த வளையம் வளர்ந்த காலத்தை, அடுப்பு எரிந்த நாளை அல்ல. நெடுங்காலம் வாழ்ந்த மரத்தின் உள்வைரம் என்றால் இடைவெளி நூற்றாண்டுகளைத் தாண்டும். தோல் ஏட்டில் கிடைப்பது விலங்கு இறந்த காலம். பழைய வெற்றுத்தாளில் பிற்காலத்தில் யார் வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம்.

இங்கேதான் எழுத்தமைதி, அதாவது எழுத்து வடிவத்தைப் பார்த்துக் காலம் கணிப்பது, தேவைப்படுகிறது. 'அதெல்லாம் வெறும் அபிப்பிராயம்' என்பார்கள் சயின்ஸ் பிள்ளைகள். காலம் தெரிந்த சில ஏடுகளின் படங்களைத் தேதியை மறைத்துக் கொடுங்கள். ஒவ்வொருவரும் பிறர் விடையைப் பார்க்காமல் எழுத்து வடிவங்களைப் பட்டியலிட்டு வரிசைப்படுத்தட்டும். பிறகு தேதியைக் காட்டுங்கள். எந்த எழுத்து நம்பகமான தடயம், எது ஏமாற்றும் என்று அவர்களே வாதிடத் தொடங்குவார்கள்.

பாடத்திட்ட ஒருங்கிணைப்பாளர்:
குழுவுக்குப் பிரிவுக்கு இருவராக நால்வர் போதும். வேலையை அவர்கள் போக்கில் பிரிக்க விட்டால் சயின்ஸ் கணக்குப் போடும், ஆர்ட்ஸ் கட்டுரை எழுதும், வகுப்பே வீண். மாற்றிப் போடுங்கள். கார்பன் எண்ணை வளைகோட்டில் பொருத்தும் ஆக்ஸ்கால் மென்பொருளில் திருத்தம் செய்வது ஆர்ட்ஸ் மாணவர், சான்றின் நம்பகத்தை எழுதுவது சயின்ஸ் மாணவர்.

இன்னொரு சிக்கல் மதிப்பெண். ஒரே தாளில் இயற்பியல் ஆசிரியர் பிழை வரம்பு இல்லை என்று குறைப்பார், வரலாற்று ஆசிரியர் சான்றின் பின்புலம் இல்லை என்று குறைப்பார். இரண்டுக்கும் எத்தனை மதிப்பெண் என்பதைப் பருவம் தொடங்கும் முன்பே எழுதி மாணவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.